முழு அளவு 9 எம்எம், முனையில் கம்ப் போட்டது: வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

சிப்புட்_தம்பி எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நமக்கு மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். சுடப் போறது ஈப்போ பக்கம் உள்ள கிளப்புல. கிளப்புக்கு 9 எம்எம் கைத்துப்பாக்கி ஒன்னு புதுசா எடுக்கப் பேச்சு நடக்குது. முழு அளவு, செமி ஆட்டோ, முனையில கம்பென்சேட்டர் (சுருக்கமா கம்ப், சுடும்போது முனை எழும்பறதைக் குறைக்கற பகுதி) போட்டதுதான் வேணும்னு கமிட்டியில பாதிப் பேர் நிக்கிறாங்க. மிச்சப் பேர் அது வெறும் ஸ்டைலுக்குத்தான்னு சொல்றாங்க. அம்சங்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கற வேலை நம்ம தலையில விழுந்திருக்கு.

கடையில கிடைக்கற சாதாரணத் தோட்டாவுக்குக் கம்ப் உருப்படியா வேலை செய்யுமா? குழல்லயே துளை போட்டது, முனையில திருகுறது, ஸ்லைடுல (குழலுக்கு மேல முன்னும் பின்னும் ஓடற பகுதி) வெட்டினதுன்னு மூனு விதம் பார்த்தேன். எது தேவலாம்? கம்ப்பை விட்டா வேற எதுக்குக் காசு கொடுக்கலாம்? இப்ப வெறும் துப்பாக்கியா வாங்கிட்டு, பிறகு கம்ப் மாட்டிக்க முடியுமா?

விலை பேச வேணாம், அதை டீலர்கிட்ட தனியாக் கேட்டுக்கறோம்.


ஈப்போ_ஆர்ஓ எழுதியது:

தம்பி, துப்பாக்கியைப் பேசறதுக்கு முன்னாடி எந்தப் பிரிவுல சுடப் போறீங்கன்னு கமிட்டியைக் கேளுங்க. ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) கைத்துப்பாக்கிப் போட்டியில கம்ப்போ, குழல்ல துளையோ இருந்தா ஓபன் பிரிவு மட்டும்தான். புரொடக்‌ஷன், புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ், ஸ்டாண்டர்டு, கிளாசிக் எதுலயும் நுழைய முடியாது. தொழிற்சாலையிலேயே போட்டு வந்தாலும் சரி, ஸ்லைடுல வெட்டினதா இருந்தாலும் சரி, விதி ஒன்னுதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஓபன்ல மேஜர் கணக்குக்கு பவர் ஃபேக்டர் 160 வேணும், மைனருக்கு 125 போதும். குண்டோட எடையைக் கிரெய்ன்லயும் வேகத்தை விநாடிக்கு அடியிலயும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால வகுத்தா வர்றதுதான் அந்த எண். 124 கிரெய்ன் குண்டு 1050 அடி வேகத்துல போனா 130. அது மைனர். அதே குண்டு 1300 அடி போனாத்தான் 161 வந்து மேஜர் ஆகும். சாதாரண 9 எம்எம் கடைத் தோட்டா அந்த வேகத்தைத் தொடாது.

அதனால என்ன நட்டம்? இலக்கோட ஏ பகுதியில பட்டா ரெண்டு பேருக்கும் 5 புள்ளிதான். சி-யில பட்டா மேஜருக்கு 4, மைனருக்கு 3. டி-யில மேஜருக்கு 2, மைனருக்கு 1. கடைத் தோட்டாவோட கம்ப் துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓபன்ல இறங்கினா, மேஜர் சுடற பந்தயத் துப்பாக்கிகளோட மைனர் புள்ளியில மோதணும். பயிற்சிக்கு மட்டும்னா இந்தக் கவலை இல்ல. மாநில அளவுல போட்டிக்குப் போற பிள்ளைங்களும் அதே துப்பாக்கியத்தான் எடுக்கப் போறாங்கன்னா, கம்ப் இல்லாத முழு அளவு உடம்பு, மேல ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டற குறிபார்க்கும் கண்ணாடி) போட வெட்டு, அதுவே போதும். புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ்ல எல்லாரும் மைனர்தான், அங்க நியாயமா மோதலாம்.


தைப்பிங்_மழைக்காரி எழுதியது:

ஆர்ஓ அண்ணன் பிரிவைச் சொல்லிட்டாங்க. நான் இரும்பைப் பத்திப் பேசறேன்.

குழலோட மையக்கோடு கைப்பிடியைவிட உயரத்துல இருக்கறதால, சுட்டவுடன் உதை நேரா பின்னால வராம முனையை மேல தூக்குது. குண்டு முனையை விட்டு வெளியேறினதும் பின்னாலயே அழுத்தமான வாயு பாயுது. கம்ப்போட வேலை அந்த வாயுவைப் பிடிச்சு மேல் துவாரம் வழியா விடறது. வாயு மேல போனா முனை கீழ அழுந்தும். துவாரத்துக்கு முன்னால உள்ள சுவர்ல வாயு மோதும்போது துப்பாக்கி கொஞ்சம் முன்னாலயும் இழுபடும். ஆக, கம்ப்புக்குச் சோறு வாயுதான். தோட்டா பலவீனமா இருந்தா கம்ப் வெறும் எடைதான். அந்த எடையும் முனையில இருக்கறதால ஓரளவு உதவும்னு வச்சுக்கலாம், ஆனா அதுக்கு ஒரு டார்ச் லைட்டை மாட்டினாலே போதும்.

மூனு விதம்:

குழல்ல துளை. கிளாக் 17சி மாதிரி, குழல்லயும் ஸ்லைடுலயும் நேர்நேரா வெட்டு. கூட நீளம் இல்ல, இடுப்பு உறை (ஹோல்ஸ்டர்) மாத்த வேணாம், கழண்டு விழ ஒன்னும் இல்ல. ஆனா குண்டு வெளியேறதுக்கு முன்னாடியே வாயு தப்பிடறதால வேகம் கொஞ்சம் குறையும். பவர் ஃபேக்டர் 125-ஐ ஒட்டி நிக்கிற தோட்டாவா இருந்தா அந்தக் கொஞ்சமே காலை வாரிடும், க்ரோனோகிராஃப்ல (குண்டோட வேகம் அளக்கற கருவி) சுட்டுப் பார்த்துட்டுத்தான் நம்பணும். செப்பு உறையில்லாத ஈயக் குண்டு, மெல்லிய செப்புப் பூச்சுக் குண்டு ரெண்டும் துளை விளிம்புல சுரண்டுப்பட்டு ஈயத்தைத் துப்பும். முழுசும் செப்பு உறை போட்ட குண்டு மட்டும் போடுங்க.

முனையில திருகுறது. 9 எம்எம்-க்கு ரெண்டு மரை புழக்கத்துல இருக்கு. அமெரிக்க மரை அரை இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 28 புரி, வலது சுத்து. ஐரோப்பிய மரை 13.5 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி, பல குழல்ல இடது சுத்து. ரெண்டையும் குழப்பிட்டு ஸ்பானர் போட்டு இறுக்கினா குழல் முனை போச்சு. கையாலயே கடைசி வரை சுத்தணும், சுத்தலைன்னா மரை தப்புன்னு அர்த்தம். இந்த விதத்துல வேகம் குறையாது, வாயுவை அள்ளறதும் இதுதான் அதிகம். தொல்லையும் இதுலதான் அதிகம், கீழ சொல்றேன்.

ஸ்லைடுல வெட்டினது. குழலைக் கொஞ்சம் குட்டையா வச்சு, அதுக்கு முன்னால ஸ்லைடையே நீட்டி, மேல ஒரு வாய் வெட்டியிருப்பாங்க. குழலுக்குக் கூடுதல் எடை ஏறாது, அதனால ஓட்டம் கெடாது. குட்டைக் குழல்னால வேகம் குறையும். பலன் நடுத்தரம்.

இது போக தொழிற்சாலையிலேயே கம்ப்போட கட்டினது உண்டு: சிஇசட் செக்மேட், ஸ்டாக்காட்டோ எக்ஸ்சி மாதிரி. முதல்லயிருந்தே கம்ப், ஸ்ப்ரிங், ஸ்லைடு எடை எல்லாத்தையும் ஒன்னுக்கொன்னு பொருத்திச் செஞ்சிருப்பாங்க. கிளப் கையிருப்பு தாங்கும்னா அந்த வழிதான் தலைவலி குறைவு.

திருகு கம்ப்புல வர்ற தொல்லை: பெரும்பாலான முழு அளவுத் துப்பாக்கியில சுட்டவுடன் குழலும் ஸ்லைடும் சேர்ந்து கொஞ்சம் பின்னால வந்து, பிறகு குழலோட பின்பக்கம் கீழ சாய்ஞ்சு ஸ்லைடு பிரியும். முனையில கம்ப் தொங்கினா, சாயற குழலுக்கு எடை கூடிடுது. அதோட, வாயு கம்ப்பை முன்னால தள்றதால ஸ்லைடுக்குப் போய்ச் சேர்ற விசையும் குறையுது. ஸ்லைடு முழுத் தூரம் பின்னால வராது. அறிகுறி வரிசையா வரும்: முதல்ல வெற்றுக்கூடு தள்ளி விழாம காலடியிலயே விழும். அப்புறம் கடைசித் தோட்டா முடிஞ்சும் ஸ்லைடு திறந்து நிக்காது. அப்புறம் கூடு வெளியேறும் வாயில நட்டுக்கிட்டு நிக்கும். முதல் அறிகுறியிலயே பிடிச்சிட்டா வேலை சுலபம்.

தீர்வு ரெண்டு: தோட்டாவைப் பலமாக்கு, இல்ல ஸ்லைடை முன்னால தள்ளி மூடற ரிகாயில் ஸ்ப்ரிங்கை இலேசாக்கு. மூன்றாம் தலைமுறை கிளாக் 17-ல தொழிற்சாலை ஸ்ப்ரிங் 17 பவுண்டு. கம்ப் போட்டவங்க 15, 14, 13 வரை இறங்குவாங்க. நான்காம், ஐந்தாம் தலைமுறையில ரெட்டை ஸ்ப்ரிங், அதுக்கு ஒற்றை ஸ்ப்ரிங் மாத்தற அடாப்டர் வாங்கணும். 1911 வகைத் துப்பாக்கியில ஸ்ப்ரிங் மாத்தறது சுலபம், அளவும் நிறைய கிடைக்கும்.

எடுத்த எடுப்பிலேயே 13-க்குத் தாவாதீங்க. ஒவ்வொரு பவுண்டா இறங்குங்க. ஒவ்வொரு ஸ்ப்ரிங்குக்கும் மேகசின்ல ஒத்தைத் தோட்டா போட்டு அஞ்சு தரம் சுடுங்க, அஞ்சு தரமும் ஸ்லைடு திறந்து நிக்கணும். அப்புறம் மேகசினை நிரப்பி வலது கை மட்டும், இடது கை மட்டும் சுடுங்க. தளர்வான பிடியில ஸ்லைடுக்கு இன்னும் விசை போயிடும், ரெண்டு கையில ஓடற துப்பாக்கி ஒத்தைக் கையில திணறும். கிளப் துப்பாக்கியைப் புதுப் பிள்ளைங்களும் பிடிக்கும், ஞாபகம் வச்சுக்குங்க.

ரொம்ப இலேசான ஸ்ப்ரிங்கும் ஆபத்து. ஸ்ட்ரைக்கர் (உள்ளேயே இருந்து தோட்டாவை அடிக்கற ஊசி) வகையில ஸ்ட்ரைக்கர் ஸ்ப்ரிங் ஸ்லைடைப் பின்னால இழுத்துக்கிட்டே இருக்கும், ரிகாயில் ஸ்ப்ரிங் அதை ஜெயிச்சு மூடணும். சோதனை இப்படி: மேகசினைக் கழட்டி, அறை காலின்னு கண்ணாலயும் விரலாலயும் பார்த்துட்டு, முனையை நேரா மேல, பாதுகாப்பான திசையில பிடிங்க. ட்ரிக்கரை அழுத்தி விடாம வச்சுக்கிட்டே ஸ்லைடைப் பின்னால இழுத்து மெதுவா முன்னால விடுங்க. ஸ்லைடு தானா முழுசா மூடணும். ஒரு மி.மீ. திறந்து நின்னாலும் அந்த ஸ்ப்ரிங் ஆகாது.


சிப்புட்_தம்பி எழுதியது:

அக்கா, அப்படியே பிரிண்ட் எடுத்துக் கமிட்டிக்குக் கொடுத்துடறேன். இன்னொன்னு. ஸ்டோர்ல 147 கிரெய்ன் பெட்டி நிறைய அடுக்கியிருக்கு. கனமான குண்டு, அதனால கம்ப்புக்கு நல்லதுன்னு ஒருத்தர் சொன்னார். சரியா?


தைப்பிங்_மழைக்காரி எழுதியது:

தலைகீழ். 115 கிரெய்ன் குண்டு 1150 அடி வேகத்துல போனா பவர் ஃபேக்டர் 132. 147 கிரெய்ன் 900 அடியில போனாலும் 132. கணக்குப் புத்தகத்துல ரெண்டும் ஒன்னு. ஆனா இலேசான குண்டை அந்த வேகத்துக்குத் தள்ள அதிக மருந்து எரியணும், முனையில அதிக வாயு வரும், கம்ப் வேலை செய்யும். 147-க்குக் குறைஞ்ச மருந்து, முனைக்கு வரும்போது அழுத்தம் செத்துடும். கம்ப் இல்லாத துப்பாக்கியில 147 மெதுவாத் தள்ளற மாதிரி சுகமா இருக்கும், பலருக்கு அதுதான் பிடிக்கும். கம்ப் துப்பாக்கியில அதே தோட்டா ஸ்லைடை அரைகுறையா ஓட்டும்.

அந்தப் பெட்டிகளைத் தீர்க்கணும்னா கம்ப்பே வேணாம். கம்ப் வேணும்னா 115, 124-ல வேகமான ரகம் எடுங்க. நேட்டோ அளவு 124 கிரெய்ன் கிடைச்சா அதுதான் தோது.


செம்பனை_நிழல் எழுதியது:

கம்ப்பை வேணாம்னு சொல்ற கட்சி நான். ஆனா கமிட்டிக்காரங்க சொல்ற ஸ்டைல் காரணத்துக்காக இல்ல.

ஒரு கிளப் துப்பாக்கி பத்துப் பேர் கையில போகும். கம்ப் தர்ற பலன் அடுத்தடுத்த குண்டுக்கு நடுவுல உள்ள நேரத்துல மட்டும்தான் தெரியும். முதல் குண்டுல அதுக்கு வேலையே இல்ல. விநாடிக்கு நாலஞ்சு சுடத் தெரிஞ்சவனுக்குப் பிரயோசனம். மூச்சைப் பிடிச்சு ஒவ்வொன்னா சுடறவனுக்குச் சத்தம்தான் மிச்சம். அந்தக் காசை இப்படிப் போடுங்க.

உடம்பு எடை. பாலிமர் சட்டத்துக்குப் பதிலா எஃகுச் சட்டம் எடுத்தாலே முனை எழும்பறது குறையும், எந்தத் தோட்டாவுக்கும் குறையும், ஸ்ப்ரிங் ஆட்டம் ஆட வேணாம். கம்ப் தர்றதுல ஒரு நல்ல பங்கை எடையே தந்துடும்.

ரெட் டாட். புள்ளி அளவைப் பார்த்து வாங்குங்க. 3 எம்ஓஏ (கோண அளவு, ஒரு பாகையில அறுபதுல ஒரு பங்கு) புள்ளி 25 மீட்டர்ல இரண்டு செ.மீ.க்குச் சற்று மேல மறைக்கும், 6 எம்ஓஏ அதுக்கு இரட்டிப்பு. கிட்டத்துல வேகமாச் சுட 6, தூரத்துக்கு 3. ஸ்லைடுல எந்த அடித்தள அளவுக்கு வெட்டியிருக்குன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. ஆர்எம்ஆர் மாடல் டாட்டுக்கு வெட்டினதுல டெல்டாபாயிண்ட் மாடல் டாட் உட்காராது, நடுவுல தகடு போடணும், தகடு போட்டா திருகு நீளம் மாறும். நீளத் திருகு சில துப்பாக்கியில எக்ஸ்ட்ராக்டர் (வெற்றுக்கூட்டைப் பிடிச்சு இழுக்கற கொக்கி) ஸ்ப்ரிங்கை நெரிக்கும், அப்புறம் கூடு வெளிய வராது, எல்லாரும் கம்ப்பைத் திட்டுவாங்க.

மேக்வெல், அதாவது மேகசின் நுழையற வாயைப் புனல் மாதிரி அகலப்படுத்தற பகுதி. கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும். பிரிவுக்குப் பிரிவு விதி வேற. மேகசின் நீளம் ஓபன்ல 170 மி.மீ. வரை போகலாம், அதை வேற பிரிவுக்கு எடுத்துட்டுப் போக முடியாது.

கைப்பிடி. நம்ம ஊர் வெயில்ல உள்ளங்கை வழுக்கும். மணல் தாள் மாதிரி சொரசொரப்பு கேளுங்க. பின்தகடு மாத்தற வசதி இருந்தா சின்னக் கையும் பிடிக்கலாம். பத்துப் பேருக்கு ஒரு துப்பாக்கின்னா என் கணக்குல கம்ப்பைவிட இது முந்தி.

ட்ரிக்கரை ரொம்ப இலேசாக்கி வாங்காதீங்க. கிளப்புக்கு அது பொருத்தம் இல்ல.


ஈப்போ_ஆர்ஓ எழுதியது:

நிழல் சொன்னதுல எஃகுச் சட்டம் சரி. ஆனா கம்ப் புதுசா சுடறவங்களுக்குப் பிரயோசனம் இல்லைங்கறது முழுசா சரியில்ல. முனை அதிகம் எழும்பலைன்னா புதுப் பிள்ளை டாட்டைத் தவறவிடாது. கண்ணாடியில புள்ளி எங்க போய் எங்க திரும்புதுன்னு கண்ணாலயே பார்க்கும், கண் சிமிட்டற பழக்கம் சீக்கிரம் போகும்.

வரிசையில நிக்கற மத்தவங்களுக்காக ரெண்டு விஷயம். பக்கவாட்டுத் துவாரம் உள்ள கம்ப் வேணாம், வாயுவும் துகளும் பக்கத்துத் தடத்துக்காரன் முகத்துக்குப் போகும். மேல் துவாரம் மட்டும் உள்ளதா பாருங்க. மேல கூரை போட்ட ரேஞ்ச்ல கம்ப் சத்தம் சுடறவங்க காதுக்கே திரும்பும், காதுக்குள்ள நுரை அடைப்பானும் மேல காதுமூடியும் சேர்த்துப் போடணும். உடம்போட ஒட்டி, இடுப்பு மட்டத்துல சுடற பயிற்சியைக் கம்ப் துப்பாக்கியில செய்ய விடாதீங்க, மேல வர்ற வாயு நேரா முகத்துக்கு வரும். கண்ணாடி இல்லாம யாரும் கோட்டைத் தாண்டக் கூடாதுங்கறது எப்பவும் உள்ளதுதான்.

உறையும் மாறும். முன்வாய் மூடின உறையில கம்ப் இறங்காது. முன்வாய் திறந்ததா பார்த்து எடுங்க.


செம்பனை_நிழல் எழுதியது:

அது சரி, ஒத்துக்கறேன். தம்பியோட கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. பிறகு கம்ப் மாட்டிக்கலாமான்னு கேட்டிருந்தார்.

மாட்டலாம், ஆனா நீங்களா மாட்டக் கூடாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துல 'ஆயுதம்'ங்கற விளக்கத்துக்குள்ள துப்பாக்கியோட உறுப்பும் அடங்கும், சத்தத்தையோ ஒளியையோ குறைக்கறதுக்குச் செஞ்ச துணைக்கருவியும் அடங்கும். மரை போட்ட குழல் தனியா வந்தா அது உறுப்பு. ஆன்லைன்ல பார்சல் போட்டு வாங்கற சாமான் இல்ல. கம்ப் சத்தத்தைக் குறைக்காது, ஆனா சில மாடலை ஒளி குறைக்கும்னு சொல்லி விக்கிறாங்க, அந்த விளம்பர வரியே போதும் பிரச்சினைக்கு. லைசென்ஸ் உள்ள டீலர் வழியா, மாநிலப் போலீஸ் தலைமையகத்தோட ஆயுத லைசென்ஸ் பிரிவுல எழுத்துல கேட்டு, பதிவுல ஏத்தினபிறகுதான் கை வைக்கணும். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டவிரோதமா ஆயுதம் வச்சிருந்தா 14 வருஷம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. அதனால இன்னொரு குழல், கம்ப் எல்லாத்தையும் முதல் விண்ணப்பத்துலயே சேர்த்துடுங்க. பிறகு கேட்டா நடை இரட்டிப்பு.

மாட்டற ஆளுக்கு: கம்ப் துளைக்கும் குழல் துளைக்கும் மையம் ஒன்னா நிக்கணும். குழலுக்குள்ள நேர்க்கோல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்க, கோல் கம்ப்போட எந்தப் பக்கத்தையும் தொடக் கூடாது. தொட்டா குண்டும் தொடும், ஒரு தரம் தொட்டாலே கம்ப் கிழியும். ஒட்டுப் பசை விஷயத்துல நீல லாக்டைட் 242 சூடு ஏறினா இளகும், தொடர்ச்சியா சுடற கம்ப்புக்கு அது பத்தாது. ராக்செட் பசை சூட்டைத் தாங்கும், கழட்டணும்னா தண்ணியில ஊறப்போட்டா விட்டுக்கும். ஒட்டினபிறகு குழலையும் கம்ப்பையும் தொட்ட மாதிரி ஒரு பெயிண்ட் கோடு இழுத்துடுங்க. ஒவ்வொரு ஐம்பது குண்டுக்கும் கோட்டைப் பாருங்க. கோடு விலகியிருந்தா அன்னிக்குச் சுடறது அதோட நிக்கணும்.


தைப்பிங்_மழைக்காரி எழுதியது:

சுத்தம் பண்றதைச் சொல்லிடறேன், கிளப் துப்பாக்கி கெடறது பெரும்பாலும் அங்கதான்.

கம்ப்புக்குள்ள கரியும் ஈயமும் செப்பும் அடுக்கடுக்கா ஒட்டும். விட்டா குண்டுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி குறையும். சிலர் வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறப்போடுவாங்க. செய்யாதீங்க. ஈயம் அதுல கரைஞ்சு லெட் அசிடேட் ஆகும், தோல் வழியா உடம்புல ஏறும் விஷம். நீலப்பூச்சு எஃகையும் அலுமினியத்தையும் சேர்த்தே அரிக்கும். வழக்கமான கார்பன் சால்வன்ட் போட்டு ஊறவச்சு, பித்தளைச் சுரண்டியால எடுங்க. கையுறை போடுங்க.

டாட் கண்ணாடிதான் முதல்ல அழுக்காகும், கம்ப் துப்பாக்கியில முன்பக்கம் கரிப்பூச்சு ஏறி ஒரு மேகசின்லயே மங்கும். சுடறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்பக்கத்துல மெல்லிசா லிப் பாம் தடவித் துடைச்சு விட்டா, பிறகு துணியால ஒரே இழுப்புல போயிடும். சால்வன்ட் ஸ்ப்ரே கண்ணாடியில படக் கூடாது, பூச்சு உரியும்.

நம்ம பக்கத்து ஈரத்துல துப்பாக்கியைத் தோல் உறைக்குள்ளயும் ஸ்பாஞ்ச் பதிச்ச பெட்டியிலயும் வச்சுப் பூட்டாதீங்க, ரெண்டும் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். சேஃப்ல சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறினா காயவச்சுப் போடுங்க. மேகசின் ஸ்ப்ரிங்குதான் யாரும் பார்க்காம துருப்பிடிக்கும், அதையும் கழட்டித் துடைங்க. மேகசினுக்கு உள்ள எண்ணெய் ஊத்த வேணாம், தூசி சேரும், தோட்டா ப்ரைமர்லயும் இறங்கலாம்.

டீலர்கிட்ட கொட்டேஷன் கேட்கும்போது ரிகாயில் ஸ்ப்ரிங் மூனு அளவு, எக்ஸ்ட்ராக்டரும் அதோட ஸ்ப்ரிங்கும், டாட் தகடு, சரியான நீளத் திருகு, கூடுதல் மேகசின் நாலு எல்லாத்தையும் தனித்தனி வரியாப் போடச் சொல்லுங்க. 'உபரிச் சாமான்'னு ஒரே வரியில போட்டா பாதிதான் பெட்டியில வரும்.